ஒன்பது-பி பச்சையான வருஷம்

ஜூன் 12, வியாழன்

இன்று குழாயில் தண்ணீர் வந்தது. கோவில்பட்டிக்காரிக்கு இதைவிடப் பெரிய செய்தி இருக்க முடியாது. என் வீட்டுக்காரர் ஒரு குடத்தைக்கூடத் தொடாமல், "மெதுவாப் பிடி, தரையெல்லாம் ஈரம்" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து மேற்பார்வை செய்தார். வீட்டில் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டுப் பள்ளிக்குப் போனால், அங்கேயும் நிரப்பு என்கிறார்கள்.

பள்ளிக்குச் செயலி வந்திருக்கிறது. சென்னைக் கம்பெனியிலிருந்து டை கட்டிய ஒரு தம்பி வந்து திரையில் போட்டுக் காட்டினார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். அதில் கட்டம் கட்டமாக மதிப்பெண், வருகை, பழக்கவழக்கம், குடும்பச் சூழல், உடல்நலம், இரண்டு போன் நம்பர். அடியில் ஒரு கோடு. கட்டங்கள் நிரம்ப நிரம்ப அது சிவப்பிலிருந்து மஞ்சளாகி, கடைசியில் பச்சையாகும். தாளாளர் ஐயாவுக்கு அந்தப் பச்சையைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

கம்ப்யூட்டர் சார் ஜெபராஜ் எழுந்தார். அவரால் எழுந்திருக்காமல் இருக்க முடியாது. "இவ்வளவும் எங்க சார் போய்ச் சேருது?"

"கிளவுடுல சார். ரொம்ப பத்திரமா இருக்கும்."

"யாருக்குப் பத்திரமா?"

தாளாளர் தொண்டையைச் செருமினார். ஜெபராஜ் உட்கார்ந்தார். பிறகு 'பெற்றோர் சம்மதம் பெறப்பட்டது' என்று ஒரு கட்டம் வந்தது. பெற்றோரிடம் எப்போது கேட்பது என்று யாரோ கேட்டார்கள். "பிள்ளைய நம்மகிட்ட விட்டாச்சுன்னா சம்மதிச்ச மாதிரிதான" என்றார் தாளாளர். 'அனைவரும்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. ஒரே அழுத்தில் ஒன்பது-பி முழுவதன் அப்பா அம்மாக்களையும் சம்மதிக்க வைத்துவிட்டேன். என் கல்யாணத்துக்கு என் அப்பா ஒருவரைச் சம்மதிக்க வைக்க மூன்று வருஷம் ஆனது.

ஆசிரியர் அறையில் செயலிக்குக் கண்ணாயிரம் என்று பெயர் வைத்தாயிற்று. ஒன்பது-ஏ ரெஜினாவின் மாமனார் பெயரும் அதுதான். அவருக்கும் எல்லா விவரமும் வேண்டுமாம்.

ஜூன் 17, செவ்வாய்

மாவு பொங்கி வழிந்துவிட்டது. வேறு ஒன்றும் இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

பள்ளி விட்ட பிறகு கனிஷ்காவின் அம்மா பேச்சியம்மாள் வந்திருந்தாள். கனிஷ்கா என் வகுப்பு. இரண்டாவது பெஞ்சு, நல்ல கையெழுத்து, கணக்கில் சுமார். அப்பா மஸ்கட்டில் ஓட்டுநர். வீட்டில் அம்மாவும் மூத்தவள் சுகிர்தாவும் இவளும்தான்.

வகுப்பறைக் கதவைச் சாத்தலாமா என்று கேட்டாள். சாத்தினேன். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"டீச்சர், சின்னவளுக்கு வலிப்பு வருது. அஞ்சாப்புல இருந்து. மதுரையில காட்டி மாத்திரை குடுக்கேன். மாத்திரை தப்பாமப் போட்டா வராது. என்னைக்காவது வந்துட்டா, கூட இருக்கிறவுகளுக்குத் தெரியணும்லா? அதான்."

என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித் தந்தாள். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். தலைக்குக் கீழே மெத்தென்று எதையாவது வைக்க வேண்டும். வாயில் எதையும் திணிக்கக் கூடாது, தண்ணீர் ஊற்றவே கூடாது. கையில் இரும்பு கொடுக்கிற வேலை வேண்டாம். தானாக நிற்கும்வரை பக்கத்தில் இருந்தால் போதும்.

"வேற யாருக்கும் தெரியாது டீச்சர். மூத்தவளுக்கு எட்டயபுரத்துல எங்க நாத்தனா மகனப் பேசி முடிச்சிருக்கோம். தை மாசம் கல்யாணம். அவுக காதுல விழுந்துச்சுன்னா, தங்கச்சிக்கு இருக்குன்னா அக்காளுக்கும் இருக்கும், பிறக்கிற பிள்ளைக்கும் இருக்கும்னு கெளப்பி விட்டுருவாக. உங்ககிட்ட மட்டுந்தான் சொல்லுதேன். அம்மன் பேரை வச்சிருக்கீங்க. நம்பிச் சொல்லுதேன்."

இந்த ஊரில் செண்பகவல்லி என்று பேர் வைத்துக்கொண்டால் இப்படி ஒரு சங்கடம் உண்டு. யாரிடமும் மூச்சு விட மாட்டேன் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வீட்டுக்கு வரும் வழி முழுக்க நான் ஒரு நல்ல டீச்சர் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். அதில் தப்பில்லை.

ஜூலை 8, செவ்வாய்

வந்துவிட்டது. பல்லுறுப்புக்கோவை நடத்திக்கொண்டிருந்தேன். காம்பஸ் கீழே விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பினால், கனிஷ்கா பெஞ்சிலிருந்து சரிந்துகொண்டிருக்கிறாள்.

ஓடிப்போய்ப் பிடித்தேன். பெஞ்சைத் தள்ளினேன். என் முந்தானையைச் சுருட்டித் தலைக்குக் கீழே வைத்து ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். ஒருத்தி "மிஸ், சாவி, சாவி" என்று அலறினாள். வாயை மூடு என்றேன். பேச்சியம்மாள் சொன்னபடியே கொஞ்ச நேரத்தில் நின்றது. பிள்ளை கண் திறந்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள்.

பாவாடை நனைந்திருந்தது. மற்ற பிள்ளைகள் கவனிக்கும் முன் என் தண்ணீர் பாட்டிலைத் தட்டிவிட்டேன். பெஞ்சு, தரை, அவள், நான், எல்லாம் ஈரம். "காலையில சாப்பிடாம வந்தா இப்படித்தான் மயக்கம் வரும். நாளையில இருந்து யார் சாப்பிடலையோ கையத் தூக்கணும்" என்று வகுப்பையே திட்டினேன். எல்லோரும் நம்பினார்கள்.

சாயந்திரம் அவள் பை மாட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்து நின்றாள். என் மகள் கல்லூரிக்குப் போன பிறகு எந்தப் பிள்ளை மீதும் எனக்கு இவ்வளவு பிரியம் வந்ததில்லை. எழுதி வைக்கிறேன்.

ஜூலை 25, வெள்ளி

காலை வழிபாட்டில் தாளாளர் இப்போது திருக்குறளுக்கு அடுத்தபடியாகக் கண்ணாயிரத்தின் நிலவரம் வாசிக்கிறார். எந்த வகுப்பு பச்சை, எந்த வகுப்பு மஞ்சள். ஒன்பது-ஏ பச்சை. ஒன்பது-பி மஞ்சள்.

"கணக்கு டீச்சருக்கே கணக்கு உதைக்குதே" என்று மைக்கில் சொன்னார். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்த வாய் மதியம்வரை வலித்தது.

உடல்நலம், குடும்பச் சூழல் இரண்டிலும்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. 'நலம்' என்று ஒற்றைச் சொல் போட்டால் ஏற்காது. 'விவரம் போதவில்லை' என்று சொல்லும். இரண்டு வரியாவது வேண்டுமாம். ரெஜினாவிடம் எப்படி முடித்தாய் என்று கேட்டேன்.

"ஒரே வரியை எழுதி எல்லாப் பிள்ளைக்கும் ஒட்டிட்டேன்க்கா. 'மாணவர் பூரண நலத்துடன் உள்ளார், குறிப்பிடத்தக்க குறைபாடு எதுவும் இல்லை.' அது வாங்கிக்கிச்சு. என் கிளாஸ்ல ஒரு பையன் கால் ஊனம். அவனும் பூரண நலந்தான்."

இதெல்லாம் ஒரு வேலையா? சம்பளம் வாங்குகிறோம், பொய் எழுதலாமா? எனக்கு அப்படிப் பழக்கம் இல்லை.

ஆகஸ்ட் 2, சனி

விடுமுறை நாளில் பள்ளிக்குப் போய் உட்கார்ந்து முடித்தேன். இவருக்குக் காலையிலேயே குழம்பு வைத்துவிட்டுப் போனேன். அப்பளம் பொரிக்கவில்லை என்று முணுமுணுப்பு.

சேர்க்கை விண்ணப்பங்களை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டாவது போன் நம்பரையெல்லாம் ஏற்றினேன். பாதிப் பேருக்குச் சித்தப்பா, மாமா நம்பர். கனிஷ்காவுக்கு அவள் அப்பா தன் அக்காள் வீட்டுக்காரர் நம்பரைக் கொடுத்திருக்கிறார். வெளிநாட்டில் இருப்பவர்கள் அப்படித்தான் கொடுப்பார்கள். பிறகு உடல்நலம். யாருக்குக் கண்ணாடி, யாருக்கு இளைப்பு, யாருக்கு எதில் ஒவ்வாமை, எனக்குத் தெரிந்ததையெல்லாம் உள்ளபடி எழுதினேன். ஒரு பொய்கூட இல்லை. நாளைக்கு நான் லீவில் இருந்து வேறு டீச்சர் வகுப்புக்கு வந்தால் அவர்களுக்கும் தெரிய வேண்டுமல்லவா? பிள்ளைகள் நன்மைக்குத்தான்.

யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கட்டத்தில் போடுவது சொல்வது ஆகாது.

கடைசிக் கட்டம் நிரம்பியதும் கோடு பச்சையானது. யாரும் இல்லாத அறையில் எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன். வரும் வழியில் கடலைமிட்டாய் வாங்கி வந்தேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

ஆசிரியர் தின விழா. 'சிறந்த டிஜிட்டல் ஆசிரியை' என்று எனக்கு ஒரு கேடயம். ரெஜினா முதலில் முடித்தாலும், என் பதிவுகள்தான் 'தரமானவை' என்று கம்பெனியிலிருந்தே பாராட்டி எழுதியிருக்கிறார்களாம். எல்லாவற்றையும் அங்கே யார் உட்கார்ந்து படித்தார்கள் என்று ஜெபராஜ் கேட்டார். அவருக்கு யார் நன்றாக இருந்தாலும் பொறுக்காது.

பள்ளி வாசலில் என் படம் போட்டு ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். அடுத்த வருஷச் சேர்க்கைக்கு விளம்பரம். இவர் கேடயத்தை டிவி பக்கத்தில் வைத்து ஒரு அடி தள்ளி நின்று பார்த்தார். கனிஷ்கா ஒரு வாழ்த்து அட்டை வரைந்து கொடுத்தாள். அதில் ஒரு டீச்சர், கையில் தண்ணீர் பாட்டில்.

செப்டம்பர் 23, செவ்வாய்

பெற்றோருக்கு எங்கெங்கிருந்தோ போன் வருகிறதாம். ஒரு டியூஷன் கம்பெனி பத்தாம் வகுப்புப் பையனின் அப்பாவைக் கூப்பிட்டு, "சார், உங்க மகன் இயற்பியல்ல மூணு டெஸ்ட்டா குறைஞ்சுக்கிட்டே வாரான்" என்று பேசியிருக்கிறது. அப்பாவுக்கே தெரியாத சேதி. இளைப்பு உள்ள பிள்ளை வீட்டுக்கு ஏதோ மூலிகை மருந்துக்காரன் பேசியிருக்கிறான்.

"நான் அன்னைக்கே கேட்டேம்லா டீச்சர்" என்றார் ஜெபராஜ். "தாளாளர்ட்ட மறுபடியும் சொல்லிப் பாத்தேன். ஒப்பந்தத்துல எல்லாம் இருக்கு, நீரு பாடத்த நடத்தும்னுட்டாரு."

எனக்கு மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. நேற்று வைத்த புளிக்குழம்பு. அதனால்தான் இருக்கும்.

அக்டோபர் 9, வியாழன்

பேச்சியம்மாள் வந்தாள். இந்த முறை கதவை அவளே சாத்தினாள். முகம் வீங்கியிருந்தது.

"டீச்சர், எட்டயபுரத்துக்கு ஒரு போன் வந்துருக்கு. எங்க நாத்தனா வீட்டுக்காரருக்கு. ஏதோ ஆஸ்பத்திரிலருந்து ஒரு பொண்ணு. 'கனிஷ்காவோட கார்டியனா சார் பேசுறீங்க? பாப்பாவுக்கு இருக்கிற வலிப்புக்கு எங்ககிட்டப் புது சிகிச்சை இருக்கு. பரம்பரையா இருக்கான்னு பாக்கணும். அக்காவயும் கூட்டிட்டு வாங்க'ன்னு பேசிருக்கு. அவுக நேரா வண்டியக் கட்டி வீட்டுக்கு வந்துட்டாக. நாத்தனா வாசல்ல நின்னுக்கிட்டே, 'என் பிள்ளைக்கு நோய்க்காரியக் கட்டி வைக்கப் பாத்தியா'ன்னு கேட்டா. தெருவே கேட்டுச்சு."

நான் காப்பி வாங்கி வரச் சொல்லவா என்றேன். அவள் கேட்கவில்லை.

"மதுரை டாக்டரு சொல்லிருக்க மாட்டாரு. அவர்ட்ட அந்த நம்பரு கிடையாது. நீங்களும் சொல்லிருக்க மாட்டீங்க. அது எனக்குத் தெரியும். பெறகு எப்படி டீச்சர்?"

"செயலியிலருந்து போயிருக்கும்மா. இப்ப எல்லாப் பிள்ளைக விவரமும் அதுலதான் இருக்கு."

"அந்தச் செயலிக்கு யாரு டீச்சர் சொன்னது?"

மணி அடித்தது. பியூன் கதவைத் தட்டினார். "கம்ப்யூட்டர் சம்பந்தமா எல்லாத்தையும் ஜெபராஜ் சாருதான் பாத்துக்கிடுதாரு" என்றேன்.

அது பொய் இல்லை. கம்ப்யூட்டர் அவர் பொறுப்புதான்.

அக்டோபர் 10, வெள்ளி

காலையில் முதல் வேலையாகக் கனிஷ்காவின் பக்கத்தைத் திறந்தேன். உடல்நலக் கட்டத்தில் இப்படி இருந்தது: 'வலிப்பு நோய் உள்ளது, ஐந்தாம் வகுப்பிலிருந்து மருந்து எடுத்து வருகிறாள். குடும்பத்தார் இதை வெளியில் சொல்ல விரும்பவில்லை.'

முதல் வாக்கியத்தோடு விட்டிருந்தால் இரண்டு வரி வராது. அதற்காகத்தான் இரண்டாவது வாக்கியம்.

அழித்தேன். பச்சை போய் மஞ்சள் வந்தது. நான் டீ குடித்து முடிப்பதற்குள் அலுவலகத்திலிருந்து ஆள் வந்துவிட்டது. "டீச்சர், நைன்-பி மஞ்சள் காட்டுது, ஐயா என்னன்னு கேக்காரு." ரெஜினாவின் வரியைக் கேட்டு வாங்கி அதில் ஒட்டினேன். பூரண நலம். பச்சை வந்தது.

ஆனால் பழைய வாக்கியம் போகவில்லை. 'முந்தைய பதிவு' என்று அடியில் சாம்பல் நிறத்தில் அப்படியே நிற்கிறது. பக்கத்தில் தேதி. தேதிக்குப் பக்கத்தில் பதிவு செய்தவர் பெயர். கண்ணாயிரத்துக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் தெரியும், மறக்க மட்டும் தெரியாது.

இட்லிக்கு உளுந்து ஊறப் போட வேண்டும்.

அக்டோபர் 22, புதன்

தீபாவளி முடிந்து பள்ளி திறந்தது. பேச்சியம்மாள் வீட்டில் பலகாரம் போடவில்லையாம். கல்யாணம் நின்றுவிட்டது.

வகுப்பிலும் தெரிந்துவிட்டது. யார் வழியாக என்று தெரியவில்லை. இரண்டாவது பெஞ்சில் கனிஷ்கா தனியாக இருக்கிறாள். ஏன் தள்ளி உட்கார்ந்தாய் என்று ஒருத்தியைக் கேட்டால், "ஒட்டிக்கிடும்னு அம்மா சொன்னாங்க மிஸ்" என்கிறாள். ஒட்டாது என்று ஒரு பீரியட் முழுக்க விளக்கினேன். விளக்க விளக்க, கனிஷ்கா தலை குனிந்துகொண்டே போனாள்.

அக்டோபர் 27, திங்கள்

கனிஷ்காவின் அப்பா மஸ்கட்டிலிருந்து வந்துவிட்டார். தாளாளர் அறையில் அவர், நான், ஜெபராஜ். மனுஷர் சத்தமே போடவில்லை. மூத்த மகளின் போட்டோவை மேசையில் வைத்து, "இவ என்ன தப்புப் பண்ணினா, அத மட்டும் சொல்லுங்க" என்றார்.

தாளாளர் ஜெபராஜைப் பார்த்து, "இத யாருய்யா போட்டது?" என்றார்.

"திரையிலயே பேர் வரும் சார்."

ஜெபராஜ் என்னைப் பார்க்கவில்லை. தாளாளர் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார். பார்த்தார். பிறகு சன்னல் வழியாக வாசலைப் பார்த்தார். ஃபிளெக்ஸ் அங்கேதான் இருக்கிறது. லேப்டாப்பை மூடினார்.

"சிஸ்டத்துல ஏதோ கோளாறு. நம்ம கம்ப்யூட்டர் ஆசிரியரோட கவனக்குறைவு. நடவடிக்கை எடுக்கிறேன்" என்றார் அந்த அப்பாவிடம்.

ஜெபராஜ் அப்போதுதான் என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. வகுப்பில் ஒரு பிள்ளையிடம் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்போமே, அப்படிக் காத்திருந்தார். நான் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுகிர்தாவுக்குத் தங்கையின் அதே கண்.

சாயந்திரம் ஜெபராஜ் தன் டிபன் பாக்ஸையும் பொருள்களையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

நவம்பர் 14, வெள்ளி

குழந்தைகள் தினம். கனிஷ்கா மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டாள். வேறு பள்ளியில் சேர்க்கிறார்கள். பேச்சியம்மாள் அலுவலகத்து வாசலிலேயே நின்றுகொண்டாள், மேலே வரவில்லை.

கனிஷ்கா மட்டும் வந்து, எப்போதோ நான் கொடுத்த காம்பஸ் பெட்டியைத் திருப்பித் தந்தாள். வைத்துக்கொள் என்றேன். வேண்டாம் என்றாள்.

"புது ஸ்கூல்ல உன் கிளாஸ் டீச்சர்ட்ட மட்டுமாவது சொல்லி வைக்கணும், என்ன?"

"அம்மா இனிமே யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க மிஸ். சாமிகிட்டக்கூட."

மாடிப்படியில் இறங்கிப் போனாள். கைப்பிடியைப் பிடித்துக்கொள் என்று மேலிருந்து சத்தம் போட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை.

ஒன்பது-பி-யில் ஒரு பெயர் குறைந்தது. கோடு அசையவில்லை.

டிசம்பர் 3, புதன்

அடைமழை. துணி காயவில்லை. ஃபிளெக்ஸில் என் முகம் வெளுத்துவிட்டது, பல் மட்டும் தெரிகிறது.

ஜனவரி 29, வியாழன்

ரெஜினாதான் சொன்னாள். கனிஷ்கா சேர்ந்த பள்ளியில்தான் அவள் தங்கை டீச்சர்.

மதிய இடைவேளையில் பிள்ளை தண்ணீர்த் தொட்டிப் பக்கம் விழுந்திருக்கிறாள். கூட்டம் கூடிவிட்டது. யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஒருவர் வண்டிச் சாவிக் கொத்தைக் கையில் அழுத்தியிருக்கிறார். பிடித்துப் படுக்கவைத்து, வாயை நெம்பித் திறந்து தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான். தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விட்டது. முன்பல் இரண்டும் உடைந்திருக்கிறது. பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்களாம்.

ஒருக்களித்துப் போட்டிருந்தால் போதும். ஒரே ஒரு ஆளுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

அடுத்த பீரியட் போய்க் கணக்கு நடத்தினேன். கரும்பலகையில் என்ன எழுதினேன் என்று நினைவில்லை.

பிப்ரவரி 7, சனி

பாளையங்கோட்டைக்குப் போய் வந்தேன். ஆரஞ்சு வாங்கிப் போனேன். பஸ்ஸில் வாந்தி.

கனிஷ்கா தூங்கிக்கொண்டிருந்தாள். மூக்கில் குழாய். உதடு வெடித்திருந்தது. பிழைத்துவிடுவாள் என்று நர்ஸ் சொன்னார். நெஞ்சுச் சளி முழுக்கப் போக மாதக்கணக்காகுமாம். சுகிர்தா என்னைக் கண்டதும் எழுந்து வெளியே போய்விட்டாள். பேச்சியம்மாள் ஸ்டூலைத் துடைத்து எனக்குப் போட்டாள். அந்த மரியாதைதான் எனக்குத் தாங்கவில்லை.

"அந்த ஸ்கூல்ல ஒரு வார்த்தை சொல்லி வச்சிருக்கலாம்ல?" என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. எதையாவது சொல்ல வேண்டியிருந்தது.

"சொல்லி வச்சேன்ல டீச்சர், ஒரு தடவ."

ஆரஞ்சுப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்திருந்தேன். அவள் மகளின் நெற்றியில் முடியை ஒதுக்கிக்கொண்டே பேசினாள்.

"கம்ப்யூட்டர் சாரு முந்தாநாளு வந்தாரு. இப்ப ஜெராக்ஸ் கடையில இருக்காராம். எங்க வீட்டுக்காரரு அவரத்தான் அன்னைக்கு மனசார வஞ்சாரு. மன்னிச்சிக்கிடுங்க சார்னு கையெடுத்தேன். பெறகு கேட்டேன், யாரு சார் எழுதுனதுன்னு. 'அத டீச்சர்ட்டயே கேளுங்கம்மா'ன்னுட்டு எந்திச்சுப் போயிட்டாரு."

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளையின் கையைத்தான் பார்த்தேன். உள்ளங்கையில் சாவி குத்திய காயத்தின் தடம் இன்னும் இருந்தது.

"நான் கேக்கல டீச்சர்" என்றாள் பேச்சியம்மாள். "கேக்கவும் மாட்டேன். இனி எதுவும் தெரிஞ்சு எனக்கு என்ன ஆகப்போகுது? பஸ்ஸுக்கு நேரமாச்சு, நீங்க கெளம்புங்க."

ஆரஞ்சை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். அழுதேன். எழுதுவதற்கு வேறு ஒன்றும் இல்லை.

மார்ச் 12, வியாழன்

கேடயத்தை எடுத்துப் பரண் மேல் போட்டேன். ஏன் என்று இவர் கேட்டார். தூசி அடைகிறது என்றேன்.

ஜூன் 3, புதன்

பள்ளி திறந்தாயிற்று. கண்ணாயிரத்தை நீக்கிவிட்டார்கள். போன் தொல்லை பற்றிப் பெற்றோர் கூட்டத்தில் சத்தம் வந்ததால் தாளாளர் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டார். இதற்கும் கட்டங்கள் இருக்கின்றன. கோடும் இருக்கிறது. புதுக் கம்ப்யூட்டர் சார் எழுந்து எதுவும் கேட்கவில்லை.

நான்தான் எழுந்தேன். பழையதில் இருந்த பிள்ளைகள் விவரமெல்லாம் என்ன ஆயிற்று என்றேன்.

"அது அந்தக் கம்பெனிகிட்ட இருக்கும் டீச்சர்" என்றார் தாளாளர். "பத்திரமா இருக்கும். உக்காருங்க."

உட்கார்ந்தேன்.

கனிஷ்காவை இந்த வருஷம் எங்கும் சேர்க்கவில்லையாம். வீட்டில் அக்காவும் தங்கையும் சேர்ந்து தையல் தைக்கிறார்களாம். ரெஜினா சொன்னாள்.

ஜூன் 9, செவ்வாய்

புது ஒன்பது-பி. மதுவந்தி என்று ஒரு பிள்ளை வந்திருக்கிறது. மூன்றாவது பெஞ்சு, சன்னல் ஓரம். ஒல்லியாக, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற பிள்ளை.

பள்ளி விட்ட பிறகு அவள் அம்மா வந்தாள். கதவைச் சாத்தலாமா என்று கேட்டாள்.

"என்னத்துக்கும்மா?"

"பிள்ளையப் பத்தி ஒரு விசயம் டீச்சர். வெளிய யாருக்கும் தெரியாது. உங்ககிட்ட மட்டும்…"

"வேண்டாம். எங்கிட்டச் சொல்லாதீங்க."

அவளுக்குப் புரியவில்லை. "இல்ல டீச்சர், அவசரத்துக்கு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்லா. திடீர்னு கிளாஸ்ல அவளுக்கு…"

"சொல்லாதீங்கன்னு சொல்லுதேம்லா!"

வராந்தாவில் போன பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்திவிட்டேன். அந்த அம்மா ஒரு அடி பின்னால் போனாள். முகம் சுருங்கிவிட்டது.

"பரிசெல்லாம் வாங்குன டீச்சர்னு சொன்னாக" என்றாள். "அத நம்பித்தான் வந்தேன்." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமல் படியிறங்கிப் போனாள். கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிடவில்லை.

பிறகு உட்கார்ந்து கட்டங்களை நிரப்பினேன். மதுவந்திக்கு என்ன என்று எனக்குத் தெரியாது. நெஞ்சிலா, ரத்தத்திலா, தலையிலா, தெரியாது. ஒருக்களித்துப் போட வேண்டுமா, உட்கார வைக்க வேண்டுமா, தண்ணீர் கொடுக்கலாமா கூடாதா, எதுவும் தெரியாது. நாளை முதல் கரும்பலகைப் பக்கம் திரும்பும் ஒவ்வொரு தடவையும் என் முதுகுக்குப் பின்னால் அவள் இருப்பாள்.

உடல்நலம் என்ற கட்டம் வந்தது. 'மாணவி பூரண நலத்துடன் உள்ளார், குறிப்பிடத்தக்க குறைபாடு எதுவும் இல்லை' என்று எழுதினேன்.

பச்சை வந்தது.